பேச்சு, சைகை, கோயில் ஆட்டம் மூன்றையும் கலந்து ஒரு மொழியை உருவாக்க முடியுமா?

முடியும். நாங்க உருவாக்கிப் பேசியே இருக்கோம்.

கேள்வியைப் பாத்தா நீங்க பரதம் கத்துக்கிட்டவர் மாதிரி இருக்கு. முத்திரைக்கு ஒரு சொல்லுன்னு ஒட்டிட்டா மொழி ஆயிடும்னு நினைக்காதீங்க. பதாகம்னு ஒரு முத்திரை, ஒரே கைதான். மேகம், காடு, ஆறு, இரவு எல்லாத்துக்கும் அதையே பிடிக்கிறோம். எதுன்னு சொல்றது பாட்டு. (பரதக்காரங்க சண்டைக்கு வராதீங்க, குறை சொல்லல.)

எனக்குச் செய்யாறு பக்கம், புரிசைக் கூத்து கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்த வட்டாரம். திரௌபதி அம்மன் கோயில்ல மகாபாரதத் திருவிழா வச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசுல வேஷக்காரர் ஒரு பாட்டுப் பாடி உயரமான தபசு மரத்துல ஒரு படி ஏறுவார், அடுத்த பாட்டுக்கு அடுத்த படி. உச்சியில இருந்து எலுமிச்சம்பழம் வீசினா, பிள்ளை வரம் கேட்டு நிக்கிற பொம்பளைங்க முந்தானை ஏந்துவாங்க. பாட்டு, ஏற்றம், வீச்சு எதை விட்டாலும் வரம் அரைகுறைதான். அதைப் பாத்துதான் நானும் மாமா பசங்களும் எங்க மொழியை ஆரம்பிச்சோம்.

வாய்க்கு வினை மட்டும். யாருங்கிறது கை. காலம், கால். "வா"ன்னு சொல்லி உள்ளங்கையை நெஞ்சுக்குக் காட்டினா நான், எதிராளிக்குக் காட்டினா நீ. பாதத்தைத் தட்டினா முடிஞ்சது, நுனிக்கால்ல நின்னா இனிமே. குதிகாலைக் குத்தினா "இல்லை". சாமி பேரை வாயால சொல்லக்கூடாது, ஒரு சுத்து சுத்தணும். சும்மா சும்மா சத்தியம் பண்ற பழக்கம் அதோட போச்சு, தலை சுத்துமே!

சிக்கல் இல்லாம இல்ல. இடுப்புல ஒரு குடம், கையில ஒரு குடம்னு வர்றவளுக்கு "நான்", "நீ" கிடையாது. மூட்டுவலி ஆயாவுக்கு இறந்தகாலமே கிடையாது; கைத்தடியால தட்டிக்கோ ஆயான்னு விட்டுட்டோம்.

"இது மொழியா, பசங்க விளையாட்டு"ன்னு எழுத வர்றவங்களுக்கு: காதுகேளாதவங்க சைகை மொழியில புருவத்தைத் தூக்குறதும் தலையாட்டுறதும் இலக்கணம்தான். பிரான்சுல சுத்ர்னு ஒருத்தர் 19ஆம் நூற்றாண்டுல ஏழு ஸ்வரத்தை மட்டும் வச்சு சொல்ரெசோல்னு ஒரு மொழியே செஞ்சார். பாடலாம், கையாலயும் காட்டலாம். வெள்ளைக்காரர் செஞ்சா ஆராய்ச்சி, செய்யாத்துப் பசங்க செஞ்சா விளையாட்டா?



சரி, உங்க கேள்விக்கு வர்றேன். பெயர்ச்சொல்லை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல "இல்லை"க்கு ஒரு அசைவை முடிவு பண்ணுங்க. எங்களுக்கு அதுலதான் அடிதடியே நடந்துச்சு.