பகிரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவின் இணையப் பாதுகாப்புத் தகவல் பகிர்வுச் சட்டம் ஒருமுறை காலாவதியானதைக் கேள்விப்பட்டு, மறுபடியும் அப்படி நேர்ந்தால் தாக்குதல் நடத்தும் ஐபி முகவரிகளை (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்களை) அரசுக்கு அனுப்புவது குற்றமாகுமா, அது உங்கள் எச்1பி விசாவைப் பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். குற்றமாகாது. ஒபாமா 2015 டிசம்பரில் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் எவரையும் பகிரும்படி கட்டாயப்படுத்தவில்லை. தாக்குதலுக்குத் தொடர்பில்லாத தனிநபர் விவரங்களை நீக்கிவிட்டு, அது வகுத்த முறைப்படி பகிரும் நிறுவனத்தின் மீது யாரும் வழக்குத் தொடுக்க முடியாது என்ற கவசத்தையே அது தந்தது.

பத்தாண்டுத் தவணை 2025 செப்டம்பர் 30-இல் முடிந்தது. மறுநாளே, நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாததால், அரசும் முடங்கியது. அந்த அக்டோபரில் எங்கள் அலுவலகத்தில், வழக்கமாகக் காபி ஆறுவதற்குள் அனுப்பப்பட்டுவிடும் அத்தகைய முகவரிப் பட்டியல் ஒன்று, கவசம் இல்லாததால் சட்டப் பிரிவின் மேசையில் நான்கு நாள் கிடந்தது; தாக்கியவர்கள் அதற்குள் முகவரிகளையே மாற்றிவிட்டார்கள். முடக்கம் 43 நாள் கழித்து முடிந்தபோது, நிதிச் சட்டத்தோடு சேர்த்து இதற்கும் 2026 ஜனவரி 30 வரை தற்காலிக நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

செனட்டர்கள் கேரி பீட்டர்ஸும் மைக் ரவுண்ட்ஸும் கொண்டுவந்த மசோதா, காலாவதியான நாள்களையும் உள்ளடக்கி, இதைப் பத்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கக் கோரியது. செனட் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ராண்ட் பால், பேச்சுரிமைக்கான உத்தரவாதங்களும் வேண்டும் என்று முட்டுக்கட்டை போட்டார். அவருடைய கவலை அற்பமானதல்ல. ஆனால் அது 2018-இல் உருவான இணையப் பாதுகாப்பு முகமையின் செயல்பாடுகளைப் பற்றியது. அந்த முகமையையும் இந்தச் சட்டத்தையும் 'சிசா' என்ற ஒரே சுருக்கப்பெயரால் அழைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. காலாவதியானது சட்டம்தான், முகமையல்ல.

விசாவைப் பொறுத்தவரை, சட்டம் இருப்பதும் இல்லாததும் உங்களை நேரடியாகத் தொடாது. ஆனால் ஆர்வக்கோளாறில், மேலாளருக்கும் சட்டப் பிரிவுக்கும் தெரியாமல் நிறுவனத்தின் பதிவுக் கோப்புகளை நீங்களாகவே வெளியே அனுப்பி வேலையை இழந்தால், எச்1பி-யில் இருப்பவருக்கு வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள்தான். ஆகவே, எதை, யார் ஒப்புதலோடு அனுப்பலாம் என்பதை இந்த வாரமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.