அணைக்குள்ளே கல் நொறுங்குமா?

கல்லைக் குவித்து அமுக்கிக் கட்டும் உயரமான பாறை நிரப்பு அணைகளைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டதற்கு, மண் இயக்கவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

தேவகோட்டை வாசகர்: ஐயா, கருங்கல்லைக் குவித்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும்தானே?

கல் தாங்கும் தம்பி, கல்லின் முனை தாங்காது. உத்தராகண்டில் தெஹ்ரி அணை 260.5 மீட்டர் உயரம். கன மீட்டருக்கு 2 டன் என்று வைத்தாலே அடியில் சதுர மீட்டருக்கு 500 டன்னைத் தாண்டும். அத்தனையும் கல்லும் கல்லும் தொடுகிற சின்னப் புள்ளிகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். முனை மழுங்கும், ஓரம் தெறிக்கும், சில கற்கள் இரண்டாகப் பிளக்கும். உடைந்த சில்லுகள் இடுக்குகளில் இறங்க, அணை அமுங்கும். நம் கண்மாய்க் கரைக்கு இந்தக் கவலை இல்லை.

காரைக்குடி, சிவில் மாணவி: லேபில் கிடைத்த உராய்வுக் கோணத்தை அணை முழுக்கப் போடலாமா சார்?

கூடாதும்மா. கற்கள் ஒன்றோடொன்று சறுக்காமல் எவ்வளவு பிடித்து நிற்கும் என்பதைக் காட்டுவதுதான் உராய்வுக் கோணம். எந்த அழுத்தத்தில் சோதித்தார்கள் என்று முதலில் கேள். அழுத்தம் குறைவென்றால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகரும். அந்த ஏற்றம்தான் கோணத்தை உயர்த்திக் காட்டுகிறது. அழுத்தம் கூடினால் ஏற இடமில்லை, உடைந்துதான் நகர வேண்டும். மேற்பரப்பில் 50 டிகிரி காட்டும் அதே கல் ஆழத்தில் 40-ஐ ஒட்டி இறங்கலாம். அழுத்தம் கூடக் கூட வலிமை எப்படி ஏறுகிறது என்று பாடத்தில் நேர்கோடாகப் போடும் வலிமைக் கோடு உண்மையில் வளைகிறது. உயரமான அணைக்கு நேர்கோட்டை நம்பிக் கணக்குப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கானாடுகாத்தான், குவாரி நடத்துபவர்: முக்கால் இஞ்சு ஜல்லியைச் சோதித்தால் பெரிய கல்லுக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது அண்ணே. கல் பெரிதாகப் பெரிதாக உள்ளே ஒளிந்திருக்கும் விரிசலும் பெரிது, சீக்கிரம் உடையும். அதனால்தான் மெக்சிகோவில் மார்சால் என்ற பொறியாளர் 1960-களில், கல் நிரப்பிய 113 செ.மீ. விட்டமுள்ள மாதிரிகளையே அழுத்திப் பார்த்தார்.

பள்ளத்தூர் வாசகர்: தண்ணீர் பட்டால் என்னாகும்?

ஈரம் விரிசலின் நுனிக்குள் போய்க் கல்லைத் தளர்த்தும். முதன்முதலில் நீர் தேக்கும்போது நீர்ப்பக்க நிரப்பு சட்டென்று அமுங்குவது இதனால்தான். கட்டும்போதே தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால், அந்த அமுக்கத்தில் பெரும்பங்கு முன்கூட்டியே முடிந்துவிடும்.

காரைக்குடி வாசகர்: கொஞ்சம் அமுங்கினால் என்ன குறை?

நீர்ப்பக்கச் சரிவின்மேல், நீரைத் தடுக்கும் பலகைகளாகக் கான்கிரீட் முகப்பு இருந்தால் அதில் விரிசல் விழும். பிரேசிலில் 202 மீட்டர் காம்போஸ் நோவோஸ் அணையில் 2005-ல் நடுப்பலகைகள் நசுங்கி வெடித்தன.

குவாரிக்காரர் மறுபடியும்: அப்போ எப்படிக் கல் அனுப்புவது?

பெரிசும் சிறிசும் கலந்து அனுப்புங்கள் அண்ணே. தொடும் புள்ளிகள் கூடினால் ஒவ்வொன்றிலும் இறங்கும் பாரம் குறையும். ஒரே அளவாகச் சலித்த கல்தான் அதிகம் நொறுங்குகிறது.