கூலன்ட் அடிக்கடி குறைகிறது. 38,000 ரூபாய் எஸ்டிமேட் நியாயமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: ஒன்பது வயதான சிறிய பெட்ரோல் கார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி இதுவரை சூடேறி நின்றதில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) மூன்றையும் மாற்றச் சொல்லி 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அரிது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பாகத்தைச் சொல்வார். கண்டுபிடிக்காதவர்தான் மூன்றையும் சொல்வார். நான் பட்டறை நடத்துகிறவன். ஒழுகும் இடத்தை வண்டிக்காரருக்குக் கண்ணால் காட்டாமல் விலை சொல்லக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா?" என்பதுதான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை காற்று அடிப்பார்கள். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் என்று இருக்கும். பிறகு பம்பின் முள்ளைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. டார்ச் அடித்துத் தேடினால் ஹோஸ் முனையில் கிளாம்ப்புக்கு அடியில் ஒரு துளி திரண்டு, நீண்டு, விழுவதைப் பார்க்கலாம். ஓடும்போது விழுந்த துளி சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால், தரையில் ஒன்றும் தெரியாத கசிவுகூட இந்தச் சோதனையில் பிடிபடும். மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதித்து வெளியேறிவிடும். சில நூறு ரூபாய் மூடி செய்கிற வேலைக்குப் பழி ரேடியேட்டர் மேல் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை உண்டு. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பானட்டைத் திறங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கசிந்து காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகவோ, கூலன்டின் பச்சை, இளஞ்சிவப்பு நிறத்திலோ படிவு இருக்கும். ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பு, ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் கூடு ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியாக வெளியேறும்படியே அதை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையிலிருந்து கோடு போல வழிந்த தடம் இருந்தால் பம்ப் போய்விட்டது; அதற்குச் செலவு செய்யலாம்.

வண்டிக்கு அடியில் ஈரம் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. நிறமும் மணமும் இல்லாமல் சொட்டினால் அது ஏசி தண்ணீர். கூலன்ட் வழுவழுப்பாக இருக்கும், லேசாக இனித்த வாடை வரும். முன் இருக்கையின் கால்மிதிக்குக் கீழே அந்த வழுவழுப்பு தெரிந்தால் ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) ஒழுகுகிறது. நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை. ஆனாலும் பல வண்டிகளில் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த எஸ்டிமேட்டில் பெரிய தொகை ஹெட் கேஸ்கெட் வேலைக்குத்தான் இருக்கும். அது போயிருந்தால் அடையாளம் இல்லாமல் போகாது. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது; ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வரும்; ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும்; ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக அப்படி இருந்தால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரத்தால் அப்படி வரும். உறுதிப்படுத்த ஒரு ரசாயனச் சோதனை இருக்கிறது: எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் சோதனைக் குழாயில் இருக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறும். இது எதையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். உங்கள் அளவு வண்டிக்கு எங்கள் பகுதி நிலவரத்தைச் சொல்கிறேன். ஊருக்கும் மாடலுக்கும் தகுந்தபடி கூடும், குறையும். ஹோஸும் கிளாம்பும் லேபரோடு ஆயிரத்தைச் சுற்றி முடியும். வாட்டர் பம்ப் மூன்றாயிரம் முதல் ஐந்தாயிரம். ரேடியேட்டர் நல்ல கம்பெனியின் மாற்றுச் சரக்காக இருந்தால் ஐந்தாயிரம் முதல் எட்டாயிரம். ஹெட் கேஸ்கெட் என்றால் பதினைந்தாயிரத்துக்கு மேல். அதில் லேத்தில் ஹெட்டைச் சோதித்து ஃபேசிங் போடுவது (அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), புது ஹெட் போல்ட், ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் தனித்தனி வரியாக எழுதியிருக்க வேண்டும். ஃபேசிங் என்ற வரியே இல்லாத எஸ்டிமேட் என்றால் வேலையை அரைகுறையாகச் செய்யப் போகிறார்கள். வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். லேபர் ஒரு முறையோடு போகும்.

பாகம் வந்த அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் எம்ஆர்பி வரி சேர்ந்த விலை. அதற்கு மேல் பில்லில் ஜிஎஸ்டி ஏற்றினால் கேளுங்கள். லேபருக்குத் தனியாக 18 சதவீதம் வருவது சரி. கழற்றிய பழைய பாகமும் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

முடிவு ஆகும் வரை தண்ணீரை ஊற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து அடைக்கும், அரிக்கும். அவசரத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றலாம். கசிவை அடைக்கும் பொடி, திரவம் எதுவும் வேண்டாம். அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். டெம்பரேச்சர் விளக்கை நம்பியும் இருக்காதீர்கள். கூலன்ட் முழுதும் இறங்கிவிட்டால் சென்சார் திரவத்தில் நனையாமல் நிற்கும், விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போகலாம். அதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அப்படிச் சேதமானால் சாதாரண இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது, இயந்திரக் கோளாறு அதில் அடங்காது.

ஒன்று மறக்க வேண்டாம்: கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் கொடிய விஷம். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும். கொட்டியதை உடனே கழுவிவிடுங்கள், கேனைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நாளைக் காலை டேங்கில் மார்க்கரால் அளவைக் கோடு போட்டு, வேறொரு பட்டறையில் பிரஷர் டெஸ்ட் மட்டும் செய்துகொள்ளுங்கள். முள் இறங்குகிறதா, எங்கே சொட்டுகிறது என்பதை இங்கேயே எழுதுங்கள். எந்தப் பாகம், எவ்வளவு கொடுக்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.