அறுவடை நெருக்கடியில் இயக்குநர் குழு முடிவெடுப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் இயக்குநர் கேட்கிறார்: “எங்கள் குழுவில் பத்துப் பேர். வாய்க்கால் நீர் முதலில் பாயும் தலைமடையில் சம்பா அறுவடை தொடங்கிவிட்ட பரபரப்பில் டயர் வண்டிகளை, அதாவது டயரில் ஓடும் அறுவடை இயந்திரங்களை, வாடகைக்குப் பேசி முடித்தோம். நீர் கடைசியாகச் சேரும் கடைமடை வயல்களில் ஈரம் காயாததால் வண்டி இறங்கவே இல்லை. அந்தப் பகுதி இயக்குநருக்கு இது முன்பே தெரியும்; ஆனால் கூட்டத்தில் சொல்லவில்லை. தவறு வேலைப்பளுவிலா, குழு அமைப்பிலா?”

இரண்டிலும்தான். கூலி, சாக்கு, கொள்முதல் நிலைய வரிசை என்று அலைபவர்கள் அரைமணி நேரம் ஒதுக்கிக் கூடும்போது, முதலில் சொல்லப்பட்ட கருத்தையே பற்றிக்கொண்டு எழுந்துபோகத்தான் மனம் விரும்பும். அந்த இயக்குநரைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்டாசர், டைட்டஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைப் பிரித்து, சிலவற்றை எல்லோருக்கும், சிலவற்றை ஒருவருக்கு மட்டும் கொடுத்தார்கள்; பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததையே சுற்றிவந்ததால், சிறந்த வேட்பாளரைப் பல குழுக்கள் தவறவிட்டன. உங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் கடைமடையின் ஈரம்.

அமைப்பைப் பொறுத்தவரை, ஐந்து பேர் கொண்ட குழுக்களை வைத்து லீவிட் 1951-இல் செய்த ஆய்வு பயன்படும். எல்லாச் செய்தியும் நடுவில் இருக்கும் ஒருவரிடம் போய்ச் சேரும் அமைப்பில் எளிய கணக்குகள் விரைவாக முடிந்தன. சிக்கலான வேலைகளில் நிலைமை தலைகீழாகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின; நடுவில் இருப்பவர்மேல் சுமை ஏறிவிடுவதே காரணம். உங்கள் தலைவரின் நிலை இதுவே என்று கருதுகிறேன்.

ஆகவே சாக்கு வாங்குவது, லாரி பேசுவது போன்றவற்றைத் தலைவரும் இருவரும் முடித்துக்கொள்ளட்டும். அதற்குப் பத்துப் பேரை இழுப்பது வீண். வயலுக்கு வயல் மாறும் முடிவுகளை, குறிப்பாக டயர் வண்டியா, ஈரத்திலும் இறங்கும் பெல்ட் வண்டியா என்பதை, அறுவடைக்கு முன்பே மார்கழியில் எடுத்துவிடுங்கள். நிறுவனச் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான விதிப்படி, இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வந்தாலே குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, நிறைந்துவிடும். உங்களில் நால்வர் போதும், கடைமடைக்காரர் இல்லாமலேயே தீர்மானம் செல்லும். இந்தக் கூட்டத்துக்கு மட்டுமாவது, அவர் வர இயலாவிட்டால் தேதியை மாற்றுங்கள். ஒவ்வொருவரும் தம் பகுதி வயலின் ஈரத்தையும் கதிர் முற்றிய நிலையையும் சொல்லி முடிக்கும்வரை யாரும் வாடகையைப் பேசக்கூடாது. கடைமடைக்காரர் முதலிலும் தலைவர் கடைசியிலும் பேசட்டும்.