கிளை நூலகத்தில் இலவச வகுப்பு எடுக்க ஆசையா? முதலில் நூலகரிடம் பேசுங்கள்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பேரூராட்சியில் கிளை நூலகம் இருக்கிறது, நாலைந்து பேர் பேப்பர் படித்துவிட்டுப் போவதோடு சரி. அங்கே பெரியவர்களுக்கு செல்போனும், குரூப் 4 எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கும் இலவசமாகச் சொல்லித்தர நினைக்கிறேன். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கைக்காசு செலவாகுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் சார். மனு எழுதுவதற்கு முன் அந்தக் கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே நூலகம்தான். கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை, மாவட்ட நூலக ஆணைக்குழு நடத்துகிறது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராமங்களில் கட்டியவை ஊராட்சியின் கையில் இருக்கின்றன. சமீபத்தில் நகரங்களில் திறந்த அறிவுசார் மையங்கள் நகராட்சி, மாநகராட்சி பொறுப்பு. உங்களுடையது கிளை நூலகம் என்றால் மனு போக வேண்டிய இடம் மாவட்ட நூலக அலுவலர்.

ஆனால் நேரே அவரிடம் போய்விடாதீர்கள், முதலில் உங்கள் கிளை நூலகரிடம் பேசுங்கள்.

சிறிய கிளையில் பெரும்பாலும் ஒரே நூலகர்தான். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பேப்பர் அடுக்குவது, கணக்கு எழுதி மேலே அனுப்புவது எல்லாம் அவரே, சில இடங்களில் பெருக்குவதும் அவரேதான். வகுப்பு என்றதும் அவர் தயங்கினால் அதற்குச் சோம்பல் காரணம் இல்லை, நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். நான் பார்த்தவரை இப்படித் தொடங்கும் வகுப்புகள் பணமில்லாமல் நின்றதைவிட, நூலகர் தலையில் கூடுதல் சுமை ஏறி நின்றதுதான் அதிகம். அதனால் நாற்காலி போடுவது, எடுத்து வைப்பது, ஃபேன் நிறுத்துவது வரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் நூலக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும், முடிந்தவர்கள் உறுப்பினராகி ஒரு புத்தகம் எடுத்துப் போகட்டும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அவருடைய கிளையை மேலே எடைபோடுகிறார்கள், அது கூடினால் அவரே அடுத்த வாரம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார்.

அப்புறம் வாசகர் வட்டம், அதாவது நூலகத்துக்கு வருகிற வாசகர்கள் சேர்ந்து நடத்தும் குழு. உங்கள் கிளையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல ஊர்களில் காகிதத்தில் மட்டும் இருக்கும், தலைவர் வெளியூர் போய் வருஷக்கணக்காகியிருக்கும். அதைத் தட்டி எழுப்பி அதன் பெயரில் மனு கொடுப்பதுதான் சுலபமான வழி. தனி ஆள் கேட்டால் யோசிக்கிற அலுவலகம், வாசகர் வட்டம் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுவிடும். மனுவில் நாள், நேரம், யார் எடுக்கிறார்கள், கட்டணம் இல்லை, கட்சி, மதம் சம்பந்தம் எதுவும் இல்லை என்பதை எழுதி நூலகர் வழியாகவே அனுப்புங்கள். நாள் குறிக்கும்போது கவனம், பெரும்பாலான கிளைகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை பிள்ளைகளுக்குச் சரிப்படும், பெரியவர்களுக்கு வாரநாளில் நாலு மணிக்கு மேல்.

செலவு பெரிதாக ஆகாது. தயங்கவும் வேண்டாம், சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாக நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். யாராவது நன்கொடை தர முன்வந்தால் அதை வகுப்புக்கென்று கையில் வாங்காதீர்கள், நூலகத்துக்கு நன்கொடை தருகிறவர்களுக்கான புரவலர் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிச் சேரச் சொல்லுங்கள், ரசீதோடு போய்விடும். நூலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நம்பி இறங்க வேண்டாம், அது உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

செல்போன் வகுப்பில் ஒரே சமயத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவர் போனும் ஒவ்வொரு மாதிரி, இருபது பேரை உட்கார வைத்தால் அது சொற்பொழிவாகிவிடும். அவர்கள் போனை நீங்கள் வாங்கி அமுக்கிக் காட்டக் கூடாது, அவர்கள் விரல்தான் அழுத்த வேண்டும். பின் நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பணம் வருவதற்கு பின் நம்பரோ ஓடிபியோ தேவையே இல்லை என்பது மனதில் பதிகிறவரை வேறு பாடத்துக்குப் போகாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் போனிலேயே சேமித்துக் கொடுங்கள். வங்கிக்காரர் என்பதால் உங்களை நம்பி பாஸ்புக்கையே கையில் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்.

குரூப் 4க்கு நீங்கள் கணக்கு எடுப்பது சரிதான், ஆனால் அதன் அளவு தெரிந்திருக்கட்டும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், திறனறியும் கணக்கு 25தான். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒரு தாளை நேரம் வைத்து எழுதச் சொல்லி, தப்பான விடைகளை மட்டும் உட்கார்ந்து பேசினாலே போதும், மற்ற நாட்களில் அவர்களுக்குத் தேவை வகுப்பைவிட வீட்டில் கிடைக்காத ஒரு அமைதியான மேசை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் இலவசப் பயிற்சியும் இருக்கிறது, தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடிகிறவர்களை அங்கேயும் அனுப்பி வையுங்கள்.

திறப்பு விழா, பேனர், எம்எல்ஏ எதுவும் இப்போதைக்கு வேண்டாம், ஒரு மூன்று மாதம் சத்தமில்லாமல் ஓடட்டும். மனுவுக்கு ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் நூலகரிடம் சொல்லிவிட்டு மாவட்ட மைய நூலகத்துக்கு நேரில் போய் அலுவலரைப் பாருங்கள், வருகைப் பதிவேட்டின் நகல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய்விட்டால் அப்புறம் நூலகர் உங்கள் பக்கம் இருக்க மாட்டார்.