காப்பீட்டு ஆவணம் காரில் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: காப்பீட்டுச் சான்றிதழைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

பதில்: நீங்கள் எந்த நாட்டில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். இந்தியாவில் டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகள் வழியாகக் காட்டப்படும் ஆவணங்களை அசலுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் நீங்களே எடுத்த புகைப்படத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. பிரான்ஸில் 2024 ஏப்ரல் 1 முதல் கார்களுக்குக் காகிதக் காப்பீட்டு அட்டையும் முன்கண்ணாடியில் ஒட்டும் வில்லையும் தேவையில்லை. காவலர்கள் வண்டி எண்ணைக் கொண்டு தரவுத்தளத்திலேயே சரிபார்த்துக்கொள்கிறார்கள். அங்கேகூட, விபத்து நேர்ந்தால் பார்த்து நிரப்புவதற்காகக் காப்பீட்டு விவரங்கள் அடங்கிய தாள் ஒன்று வாடிக்கையாளருக்குத் தரப்படுகிறது.

அந்தத் தாள் ஏன் இன்னும் தேவைப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் சோதனைக்காக நிறுத்தும் காவலரை மட்டும் மனத்தில் வைத்தே ஆவணத்தைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆனால் அது மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் விபத்து நடந்த இடமே. அந்த நேரத்தில் கைப்பேசி உடைந்திருக்கலாம், இருக்கைக்கு அடியில் போய் விழுந்திருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். கைப்பேசி நல்ல நிலையில் இருந்தும், அதைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் பேச முடியாத நிலையில் இருக்கலாம். ஆகவே, இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைப்பேசியில் ஒரு பிரதி, வண்டியிலேயே காகிதத்தில் ஒரு பிரதி என இரண்டையும் வைத்திருங்கள். சட்டம் காகிதத்தைக் கேட்காத நாடுகளிலும் நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: சோதனையின்போது கைப்பேசியையே அதிகாரியிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: முடிந்தவரை உங்கள் கையில் வைத்தபடியே காட்டுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரே செயலியை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. அதை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லா அசல் ஆவணங்களையும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். கார் திருடுபோனால் என்ன ஆகும் என்று என் மகள் கேட்கிறாள்.

பதில்: உங்கள் மகளின் கவலை முற்றிலும் நியாயமானது. திருட்டுக்கு இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் பதிவுச் சான்றையும் சாவிகளையும் கேட்பது வழக்கம். அவை காரோடு போய்விட்டால் உரிமைக்கோரல் சிக்கலாகும். மேலும், முழுப் பாலிசித் தொகுப்பில் உங்கள் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். வண்டியில் இருக்க வேண்டியது காப்பீட்டுச் சான்றிதழ், அல்லது உங்கள் நாட்டுச் சட்டம் குறிப்பிடும் தாள் மட்டுமே. சட்டம் அசலைக் கேட்கவில்லையெனில் நகல் போதும். நிபந்தனைகள் அச்சிட்ட தடித்த தொகுப்பு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: சான்றிதழ் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. எங்கே வைப்பது?

பதில்: வெயில் நேராகப் படும் டேஷ்போர்டின் மேற்பரப்பில் வைக்காதீர்கள். ரசீது அச்சிடப் பயன்படும் வெப்பத்தாள் சூட்டில் கருத்தோ மங்கியோ போகும். மென்மையான பிளாஸ்டிக் உறைகள் லேசர் அச்சின் மையை ஒட்டி எடுத்துவிடும். சாதாரணத் தாளில் அச்சிட்டு, காகித உறையில் இட்டு, டேஷ்போர்டு பெட்டியில் மற்றப் பொருள்களுக்கு மேலாக வையுங்கள். இடம் எதுவானாலும், வண்டியை முழுவதுமாக நிறுத்திய பிறகே அதை எடுக்க வேண்டும். ஓடும் வண்டியில் குனிந்து தேடுவது, எந்த ஆவணத்தாலும் ஈடுசெய்ய முடியாத ஆபத்து.

கேள்வி: எங்கள் காரை மூவர் ஓட்டுகிறோம். ஆவணம் கணவரின் கைப்பேசியில் மட்டுமே இருக்கிறது.

பதில்: ஆவணம் வண்டியோடு பயணிக்க வேண்டும், ஒருவருடைய கைப்பேசியோடு அல்ல. காகிதப் பிரதி இருக்கும் இடத்தை மூவருக்கும் காட்டிவிடுங்கள். மூவரின் கைப்பேசியிலும் பிரதியைச் சேமியுங்கள். குறிப்பிட்ட ஓட்டுநர்களுக்கு மட்டுமே பொருந்தும் பாலிசிகள் பல நாடுகளில் உள்ளன. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் கையில் சான்றிதழ் இருந்தும் பயனில்லை என்பதால், இதை இன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விபத்துக்குப் பின் எதிர்த்தரப்பினர் என் சான்றிதழைக் கேட்டால் கொடுத்துவிடலாமா?

பதில்: தாளைக் கொடுத்துவிட வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் வண்டி எண்ணையும் உங்கள் பெயரையும் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். அவர்களுடைய விவரங்களையும் அவ்வாறே பெற்றுக்கொள்ளுங்கள். இவற்றுக்கு மேல் எதைத் தர வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும்.

கேள்வி: பாலிசியைப் புதுப்பித்ததும் செய்ய வேண்டியது என்ன?

பதில்: பழைய தாளை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், பதற்றத்தில் காலாவதியானதையே நீட்டுவோர் பலர். புதிய சான்றிதழில் தொடக்க நாளோடு நேரத்தையும் பாருங்கள். சேசிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டதாக இருந்தால், வண்டியில் பொறிக்கப்பட்டிருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து தவறியிருந்தாலும் நிறுவனத்திடம் எழுத்துமூலமாகத் திருத்தம் கேட்டு, திருத்திய சான்றிதழ் வந்ததும் கைப்பேசிப் பிரதிகளையும் காகிதப் பிரதியையும் மாற்றுங்கள்.