ஏரி இல்லாத வரைபடம்

அன்புள்ள ஐயா,

சான் பிரான்சிஸ்கோவில் வசிக்கிறேன். பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் நிலப்படம் கிடைத்தது. 1909 பதிப்பு. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடு, 100 அடிக்கு ஒன்று. ஆனால் ஹெச் ஹெச்சி ஏரியையே காணோம். தவறான படமா? லேமினேட் செய்து மாட்டலாமா? என்ன விலை போகும்?

ர.

அன்புள்ள ர.,

விலையை வியாபாரியிடம் கேளுங்கள். ‘தவறான படமா’ என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏரியே இல்லாத காலத்துப் படம் ஐயா அது! அப்போது அங்கே புல்வெளியும் அதன் நடுவே டுவாலமி ஆறும்தான். தேசியப் பூங்காவுக்குள் அணையா என்று இயற்கையைக் காக்கப் போராடிய எழுத்தாளர் ஜான் மியூர் எழுதி எழுதி ஓய்ந்தார். 1906இல் பூகம்பத்திலும் தீயிலும் அழிந்த உங்கள் நகரம் தண்ணீர் கேட்டது. 1913 டிசம்பரில் அணை கட்ட அனுமதிக்கும் சட்டம் வந்தது. மறு டிசம்பரில் மியூர் இறந்தார். 1923இல் அணை முடிந்தது, ஏரி வந்தது. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். அதைக் குடித்துக்கொண்டே படத்தைக் குறை சொல்கிறீர்கள்.

கல்லூரியில் எங்கள் புவியியல் ஆசிரியர், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உயரக்கோடுகளை வைத்தே சொல்லும்வரை கலர் பென்சிலைத் தொட விடமாட்டார். ஆற்றைக் கடக்குமிடத்தில் கோடு வளைந்து, அதன் முனை ஆறு வரும் மேல்பக்கத்தைக் காட்டும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. அவ்வளவுதான் பாடம். இதற்கே எங்களில் பாதிப்பேர் திட்டு வாங்கினோம்.

இப்போது உங்கள் முறை. ஹெச் ஹெச்சியில் 4,000 அடிக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஆற்றை நோக்கி இரண்டு கோடு இறங்கினால் 3,800. அதைப் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் விரலால் தொடருங்கள். அணை நிரம்பும்போது கரை கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பள்ளத்தாக்குக்குள் அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு கோடும் இன்று தண்ணீருக்கடியில். புதிய படத்தில் அந்த இடம் வெறும் நீலம். பாறைச் சுவர் எங்கே முடிந்தது, புல்வெளி எங்கே விரிந்தது என்பதை உங்கள் ‘தவறான’ படம்தான் சொல்லும். அணையை இடித்து அந்தப் பள்ளத்தாக்கை மீட்கவேண்டும் என்று இன்றும் போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்தின் தாகத்துக்கு அவர்கள் சொல்லும் மாற்று எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் அவர்கள் பக்கம்தான் நான்.

சரி, லேமினேட். வேண்டவே வேண்டாம், பழைய தாள் பாழாகும். நல்ல நகல் ஒன்று எடுத்து, நீலப் பென்சிலால் அதில் 3,800ஐ வரையுங்கள். அசலில் கிறுக்கினீர்கள் என்றால் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது.